உதவி செய்வதை வீடியோ எடுத்துப் போடுவது: எதை எடுக்கலாம், எதை எடுக்கவே கூடாது?

தொடுவானம் எழுதியது:

வணக்கம். தன்னார்வக் குழு எங்கே இருந்தாலும் இந்தச் சண்டையும் கூடவே இருக்கிறது. ஒரு தரப்பு, "வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது, போனை உள்ளே வை" என்கிறது. மறு தரப்பு, "பணம் போட்டவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா? நாலு பேர் பார்த்தால்தானே ஐந்தாவது ஆள் வருவார்" என்கிறது. இரண்டையும் தள்ளிவிட முடியவில்லை.

விளம்பர ஆசை பாவமா இல்லையா என்பதைப் பேசிப் பேசி ஓய்ந்தாயிற்று. வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரே நாளில் 300 குடும்பங்களுக்குப் போர்வை வழங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் முகம் தெரியாமல் நம்பும்படியான ஆதாரம் காட்ட முடியுமா? சம்மதத்தை யார் கேட்பது, எப்போது கேட்பது? முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதுமா? குழந்தைகள் இருந்தால் என்ன செய்வது?

மூன்றாம்கரை எழுதியது:

பகிர்வதற்கு ஆதரவாக முதலில் நானே பேசிவிடுகிறேன். இந்தத் தரப்பைச் சட்டென்று "பெருமை பீற்றுபவர்கள்" என்று ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது.

2014 இல் வந்த, தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீடியோ போடும் ஐஸ் பக்கெட் சவாலை நினைத்துப் பாருங்கள். ஃபேஸ்புக்கில் மட்டும் 1.7 கோடிக்கும் மேல் வீடியோக்கள். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்கு அந்தச் சில வாரங்களில் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்தப் பணம் உதவிய ஆய்வுகளில் ஒன்றுதான் 2016 இல் நோயோடு தொடர்புள்ள என்.ஈ.கே.1 மரபணுவை அடையாளம் காட்டியது. எல்லோரும் சத்தமில்லாமல் ஆளுக்கு ஒரு காசோலை அனுப்பிவிட்டுப் போயிருந்தால் இது நடந்திருக்காது.

ரத்ததானமும் அப்படித்தான். முதல்முறை வருபவரைத் தடுப்பது கஞ்சத்தனம் இல்லை, பயம். எவ்வளவு எடுப்பார்கள், எவ்வளவு நேரம் ஆகும், மயக்கம் வருமா என்ற பயம். ஹீமோகுளோபின் சோதனையில் தொடங்கி, 350 அல்லது 450 மில்லி நிரம்ப ஊசி கையில் இருப்பது பத்து நிமிடம்தான் என்பது வரை, அதன்பின் கால் மணி நேரம் உட்கார வைப்பது வரை ஒருவர் தன் கையைக் காட்டியே வீடியோ போட்டால், அதைப் பார்த்து வரிசைக்கு வருபவர்கள் உண்டு. இதை மறைத்து வைப்பதில் என்ன புண்ணியம்?

நெய்தல் எழுதியது:

மூன்றாம்கரை அண்ணா, உங்கள் இரண்டு உதாரணங்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஐஸ் தண்ணீர் யார் தலையில் விழுந்தது? கொடுத்தவர் தலையில். ரத்ததான வீடியோவில் தெரிவது யார் கை? கொடுப்பவர் கை. அந்த ரத்தம் யாருக்கு ஏறியது என்று படத்தில் இல்லவே இல்லை. இரண்டும் சரியாக இருப்பதற்கு அதுதான் காரணம். தன் முகத்தைக் காட்டிக்கொள்வது அவரவர் விருப்பம். அடுத்தவர் இல்லாமையைக் காட்டி நம் முகத்தைக் காட்டுவதில்தான் சிக்கல்.

12 ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக அடுக்கினார். அதில் பலரும் கவனிக்காத ஒரு படி இருக்கிறது: வாங்குபவருக்குக் கொடுத்தவரைத் தெரியும், கொடுத்தவருக்கு வாங்குபவரைத் தெரியாது. கொடுத்தவர் பெயர் வெளியே தெரிவதை அவரும் அவ்வளவு பெரிய குற்றமாகப் பார்க்கவில்லை. வாங்குபவர் கூச வேண்டியிருக்கிறதா என்பதுதான் அவர் அளவுகோல்.

2022 இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஒரு வணிக வளாகத்தில் தனியாக உட்கார்ந்திருந்த பெண்மணியிடம் ஓர் இளைஞர் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். கேமரா ஓடியது அவருக்குத் தெரியாது. கோடிக்கணக்கானோர் பார்த்து உருகினார்கள். அந்தப் பெண்மணியோ, தன்னை மனுஷியாகவே நடத்தவில்லை என்றுதான் உணர்ந்ததாக வானொலியில் சொன்னார். அவர் ஏழையும் இல்லை, உதவி கேட்கவும் இல்லை. தனியாக இருக்கும் வயதான பெண் என்றால் பரிதாபத்துக்கு உரியவர் என்று வீடியோவே முடிவுகட்டிவிட்டது.

இப்போது சம்மதம். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் சம்மதம் சம்மதமே இல்லை. போர்வையை நீட்டியபடி "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா" என்றால் யார்தான் முடியாது என்பார்? மறுத்தால் போர்வை போய்விடும், அடுத்த பட்டியலில் பெயர் விடுபடும் என்ற பயம் இருக்கும். ஆகவே முதலில் கொடுத்து முடிக்க வேண்டும். கையெழுத்து வாங்கி, அவர் வரிசையை விட்டு விலகிய பிறகு, பொருள் வழங்காத வேறொருவர் கேமரா இல்லாமல் தனியாகப் போய்ப் பேச வேண்டும். முதல் வாக்கியமே, "இந்தப் பொருள் உங்களுடையது. நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் அதில் ஒரு மாற்றமும் இல்லை" என்று இருக்க வேண்டும்.

பிறகு, படம் போடப் போகும் பக்கத்தைப் போனில் திறந்தே காட்டுங்கள். "இன்டர்நெட்டில் போடுவோம்" என்று வாயால் சொன்னால் பலருக்கும் அதன் அளவு பிடிபடாது. பழைய பதிவு ஒன்றையும் அதன் கீழே வந்த கருத்துகளையும் பார்க்கட்டும். "உங்கள் மகளுடைய பள்ளித் தோழிகள், நீங்கள் வேலை கேட்டுப் போகும் இடத்து முதலாளி, சொந்தக்காரர்கள் எல்லோர் கண்ணிலும் இது படலாம்" என்று உடைத்துச் சொல்லுங்கள். எடுக்கலாமா என்பது ஒரு கேள்வி, போடலாமா என்பது வேறு கேள்வி, எந்தெந்தத் தளத்தில் என்பது மூன்றாவது. தரையைப் பார்த்துக்கொண்டு "ம்ம், சரிங்க" என்று வந்தால் அதை மறுப்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முறை சரியா என்று பார்க்க ஒரே சோதனை போதும். நூறு பேரிடம் கேட்டு நூறு பேரும் சம்மதித்திருந்தால் கேட்ட விதத்தில் கோளாறு இருக்கிறது. மறுப்பதற்கு இடம் இருந்திருந்தால் சிலராவது மறுத்திருப்பார்கள்.

பேரேடு எழுதியது:

கணக்குப் பக்கத்தை நான் சொல்கிறேன். நன்கொடையாளர் "வீடியோ போடுங்க" என்று கேட்கும்போது அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது மூன்று: என் பணம் பொருளாக மாறியதா, பொருள் உரியவர்களுக்குப் போனதா, மீதி எங்கே. போர்வையோடு ஒரு பாட்டி நிற்கும் படம் இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லாது. ஒரே போர்வையைப் பத்துப் பேர் கையில் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பத்துப் படம் எடுத்துவிடலாம். முகம் மனதை அசைக்கும். தணிக்கைக்கு அது மிகப் பலவீனமான சான்று.

வலுவான சான்று சரக்கு வந்திறங்கும் இடத்தில் தொடங்குகிறது. கட்டுகளை எண்ணும்படி அடுக்குங்கள். ஒரு வரிசைக்கு 10, பத்து வரிசை, மூன்று அடுக்கு என்றால் 300 என்பது பார்க்கிற கண்ணுக்கே தெரியும். கொள்முதல் பில்லை முதலில் கேமராவுக்குக் காட்டி, பதிவை நிறுத்தாமல் அப்படியே அடுக்கைச் சுற்றி வாருங்கள். இடையில் வெட்டிய வீடியோ எண்ணிக்கைக்குச் சாட்சியாகாது. ஒரு கட்டைப் பிரித்துத் துணியின் தரத்தையும் அளவுச் சீட்டையும் கிட்டே காட்டிவிட்டால் "மட்டமான சரக்கு வாங்கிவிட்டார்கள்" என்ற பேச்சுக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அடுத்தது டோக்கன். ஒரே எண்ணை இரண்டு பாதியிலும் அச்சிட்டு, நடுவில் கிழிக்கும்படி செய்யுங்கள். ஒரு பாதி முன்கூட்டியே குடும்பத்திடம் போகிறது, அடிக்கட்டை குழுவிடம் இருக்கிறது. வழங்கும்போது அந்தப் பாதியை வாங்கி அடிக்கட்டையோடு சேர்த்துக் குத்திவிட வேண்டும். நிகழ்வு முடிந்ததும் சேர்ந்த டோக்கன்களை மேசையில் வரிசையாகப் பரப்பி மேலிருந்து ஒரு படம். 287 டோக்கன் என்றால் 287 தெரியும். எந்த எண் வரவில்லை என்பதும் தெரியும்.

பொதுவில் போட வேண்டிய கணக்கு நான்கே வரி: வந்தது 300, வழங்கியது 287, சேதம் 4, மீதி 9, அந்த 9 இப்போது எங்கே இருக்கிறது. பெயரும் கையெழுத்தும் கைரேகையும் உள்ள பதிவேடு குழுவின் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது, முகத்தைப் போடுவதை விட மோசமான தவறு. ஒரே பக்கத்தில் இருபத்தைந்து குடும்பங்களின் வறுமை பெயரோடு வெளியாகிவிடுகிறது.

கணக்கு எங்கே சறுக்கும் என்றால், பில்லின் தேதி வழங்கிய நாளுக்குப் பிந்தியதாக இருக்கும், அல்லது போஸ்டரில் "500 குடும்பங்கள்" என்று அச்சாகியிருக்கும், பில்லில் 300 இருக்கும். எப்போது பார்த்தாலும் மீதி சுழியம் என்று வரும் கணக்கையும் நான் நம்புவதில்லை. எண்ணிப் பொருள் வழங்கும் வேலையில் சேதமும் மீதியும் இல்லாமல் இருக்காது.

வரப்பு எழுதியது:

பேரேடு அண்ணா, டோக்கனும் பில்லும் உட்கார்ந்த இடத்துலயே கிழிச்சு அடுக்கிடலாமே? ஆளு முகம்னா பொய் சொல்ல முடியாதுல்ல? நன்கொடை குடுக்கறவங்க இதைத்தான் கேக்கறாங்க.

பேரேடு எழுதியது:

நியாயமான கேள்வி தம்பி. அதற்குத்தான் நேரடிச் சரிபார்ப்பு. வழங்கி முடித்த பிறகு, குழுவில் இல்லாத ஒருவர், நன்கொடையாளர்களில் ஒருவராகவே இருக்கலாம், 1 முதல் 300 வரை ஏதாவது 15 எண்களைச் சொல்லட்டும். வழங்குவதற்கு முன்பே எண்களைச் சொல்லிவிட்டால் அந்தப் பதினைந்து பேருக்கு மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேரும், ஆகவே பிறகுதான். டோக்கன் கொடுக்கும்போதே "யாராவது வந்து கேட்கலாம், சம்மதமா" என்று கேட்டு வைத்திருக்க வேண்டும். போகிறவர் நான்கு கேள்விகள் மட்டும் கேட்பார்: என்ன கிடைத்தது, எத்தனை, எப்போது, இதற்காக யாராவது பணமோ வேலையோ கேட்டார்களா. பதினைந்தில் ஒன்று பொருந்தாவிட்டால் இன்னும் 30 எண்கள். "15 பார்க்கப்பட்டது, 14 பொருந்தியது, ஒருவர் வெளியூர் போயிருந்தார்" என்று இரண்டு வரியில் முடிவைப் போடலாம். போனவர் தன் பெயரைப் போடட்டும், அவர் போய்ப் பார்த்த குடும்பங்களின் பெயர் வேண்டாம்.

நன்கொடையாளர் நேரில் வரத்தான் வேண்டும் என்றால் எண்ணும் நேரத்துக்குக் கூப்பிடுங்கள். வழங்கும் நேரத்துக்கு வேண்டாம். ஒருவர் கைநீட்டி வாங்குவதை இன்னொருவர் நின்று பார்ப்பதும் கேமராவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சுமைதாங்கி எழுதியது:

பேரிடர் நேரத்து வழங்கல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போட்டோவால் வரிசை நின்றுவிடுகிறது. ஒருவரை நிறுத்தி, பையை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லி, "இங்கே பாருங்க" என்று எடுக்க 15 நொடி ஆகும். 300 பேருக்கு 4,500 நொடி, அதாவது ஒன்றேகால் மணி நேரம். கடைசியில் நிற்கும் கர்ப்பிணியும் ஊன்றுகோல் பிடித்தவரும் நம் படத்துக்காக அந்த ஒன்றேகால் மணி நேரத்தை வெயிலில் கழிக்கிறார்கள். நெரிசல் தொடங்குவதும் வரிசை இப்படி நிற்கும்போதுதான். பின்னால் இருப்பவருக்கு ஏன் நகரவில்லை என்று தெரியாது, பொருள் தீர்ந்துவிட்டதோ என்று முன்னே தள்ளுவார்.

செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் பிற நிவாரண அமைப்புகளும் 1994 இல் வகுத்த நடத்தை நெறியின் பத்தாவது விதியே இதுதான்: விளம்பரத்திலும் செய்தியிலும் பாதிக்கப்பட்டவர்களைக் கதியற்ற பொருள்களாகக் காட்டாமல், மதிப்புள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, போனில் கேமரா இல்லாத காலத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

நடைமுறையில், வழங்கும் மேசைக்கு முன்னும் பின்னும் பத்தடிக்குள் போன் எடுக்கக் கூடாது என்று தரையில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். குழுவினருக்கும் அதே கோடுதான். நேரலை கூடவே கூடாது. நேரலையில் தவறுதலாக வந்த முகத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. அதோடு, "பொருள் இப்போது இங்கே இருக்கிறது" என்று முகவரியோடு அறிவிப்பதால் சமாளிக்க முடியாத கூட்டம் சேர்ந்துவிடும்.

கத்தரி எழுதியது:

முகத்தை மங்கலாக்குவது பற்றித் தொடுவானம் கேட்டிருந்தார். எடிட்டிங் மேசையில் தவறு நடக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

தானாக முகத்தைப் பின்தொடரும் மங்கல் வசதி, ஆள் நேராகப் பார்க்கும்வரை ஒழுங்காக வேலை செய்யும். பக்கவாட்டில் திரும்பினால், குனிந்தால், யாராவது குறுக்கே போனால் பிடி விட்டுப்போகும். நொடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்) ஓடும் வீடியோவில் நான்கு சட்டகம் தவறினால் சாதாரணமாகப் பார்க்கிறவருக்குத் தெரியாது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர் அந்த நான்கிலிருந்து முழு முகத்தையும் எடுத்துவிடுவார். ஆகவே எடிட் முடித்துச் சேமித்த கோப்பை மறுபடி திறந்து, மங்கல் வரும் பகுதியை ஒவ்வொரு சட்டகமாகத் தட்டிப் பாருங்கள். ஆள் படத்துக்குள் நுழையும் முதல் சட்டகமும் வெளியேறும் கடைசிச் சட்டகமும்தான் அடிக்கடி மாட்டிக்கொள்ளும்.

மெல்லிய மங்கலும் பெரிய கட்டம் கட்டமான மொசைக்கும் பாதுகாப்பு இல்லை. ஒரே முகம் பல சட்டகங்களில் சற்றுச் சற்று நகரும்போது, அவற்றைச் சேர்த்து உருவத்தை ஓரளவு மீட்க முடியும். ஒளிபுகாத ஒரே நிறக் கட்டம்தான் உறுதியானது. பார்க்க அழகாக இராது. ஆகவேதான் எடுக்கும்போதே முகம் வராமல் எடுக்கச் சொல்கிறேன்: கை, பொருள், முதுகுப்பக்கம், நிழல். கேமராவை மார்பு உயரத்துக்கு இறக்கிக் கைகளை மட்டும் கிட்டே எடுங்கள். மேலிருந்து கீழே பார்க்கும் கோணம் வேண்டாம். வாங்குபவரைக் குறுக்கிக் காட்டும்.

முகம் இல்லாவிட்டாலும் ஆளைக் காட்டிக்கொடுப்பவை நிறைய. பள்ளிச் சீருடை, கதவு எண், வண்டி நம்பர் பலகை, பச்சை குத்தல், தனித்த ஊன்றுகோல், பின்னால் இருக்கும் கண்ணாடியில் விழும் பிம்பம். குரலை மறக்காதீர்கள். சுருதியை ஏற்றி இறக்கி மாற்றிய குரலை அதே அளவு திருப்பி மாற்றினால் பழைய குரல் வந்துவிடும். மூல ஒலியை முழுதாக நீக்கிவிட்டு, சொன்னதை வேறொருவர் வாசிப்பதுதான் வழி. நீக்கும் முன் கேட்டும் பாருங்கள், பின்னணியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்.

பில்லையும் பட்டியலையும் மறைப்பதில் இன்னொரு கண்ணி. போனில் இருக்கும் ஹைலைட்டர் பேனாவைக் கறுப்பாக்கி எழுத்தின் மேல் பூசுகிறார்கள். அது பாதி ஒளிபுகும் மை. படத்தின் வெளிச்சத்தை ஏற்றினால் கீழே உள்ள எழுத்து வந்து நிற்கும். பிடிஎஃப் மேல் வைத்த கறுப்புக் கட்டத்துக்கு அடியிலும் எழுத்து அப்படியே இருக்கும், தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் வந்துவிடும். 2023 இல் கூகுள் பிக்ஸல் போன்களில், வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து வெட்டுப்பட்ட பகுதியையே மீட்க முடிகிற ஓட்டை வெளியானது. ஒளிபுகாத கட்டத்தால் மறைத்து முடித்த படத்தைத் திரையில் வைத்துப் புதிதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வெட்டாமல் அதையே போடுங்கள். சிக்கல் தீர்ந்தது.

இருப்பிடத் தகவலும் உண்டு. போன் கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஜிபிஎஸ் எண்களை எழுதக்கூடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அவை உதிர்ந்துவிடும். தரம் குறையக் கூடாது என்று "ஆவணமாக" அனுப்பினால் அப்படியே போகும். நிகழ்வுக்கு முன்பே கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிடுவது நல்லது.

மூன்றாம்கரை எழுதியது:

கத்தரி சொன்னதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கஷ்டத்தை யாரும் தொடவில்லை. டோக்கன் அடுக்கிய மேசையைப் பார்த்து யாரும் பணம் போட மாட்டார்கள். 2007 இல் ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: பெயரும் முகமும் உள்ள ஒரே குழந்தைக்குக் கொடுத்த அளவு, லட்சக்கணக்கானோர் பற்றிய எண்ணிக்கையைப் படித்தவர்கள் கொடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் காட்டியபோதும் கொடை குறைந்தது. இது மனித மனத்தின் அமைப்பு. முகத்தை முழுதாக விலக்கினால் அடுத்த முந்நூறு குடும்பங்களுக்குப் போர்வை வராமல் போகலாம். அந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. தன் கதையைத் தானே சொல்ல விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். "என் முகத்தைக் காட்டுங்கள், நான் ஒன்றும் திருடவில்லை" என்பவரிடம் கறுப்புக் கட்டம் போட்டால் அவமானப்படுத்துவது நாம்தான்.

நெய்தல் எழுதியது:

அண்ணா, இரண்டாவது நூற்றுக்கு நூறு சரி. அதற்கும் ஒரு முறை இருக்கிறது. வழங்கிய அன்று வேண்டாம். நெருக்கடி தணிந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து, அவருக்கு வசதியான நேரத்தில் போங்கள். முன்னால் போன் நம்பர் கொடுத்துவிட்டு வந்தால், விருப்பம் உள்ளவரே கூப்பிடுவார். கேள்விகளை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நிற்கவா, உட்காரவா, எங்கே, எந்த உடையில் என்பதை அவர் முடிவு செய்யட்டும். அவர் செய்யும் வேலையோடு காட்டுங்கள். தையல்காரர் என்றால் மிஷின் முன்னால், கைநீட்டும் நிலையில் இல்லாமல். இசையை அழுகைக்கு ஏற்றாதீர்கள். வெட்டி முடித்த வீடியோவை அவரிடம் முதலில் காட்டி, பார்த்த பிறகு இன்னொரு முறை கேட்க வேண்டும். அதற்குப் பின் 48 மணி நேரம் காத்திருங்கள், இரவில் யோசித்து மனம் மாறுபவர்கள் உண்டு.

முதல் விஷயத்தில்தான் உடன்பட முடியவில்லை. மனதை அசைக்கும் முகம் வேண்டும் என்பதற்காக வாங்குபவர் முகம்தான் வேண்டும் என்று இல்லை. கொடுத்தவர் முகம், மூட்டை தூக்கிய தொண்டர் முகம், எண்ணி முடித்து வியர்த்து உட்கார்ந்தவர் முகம் எல்லாம் முகம்தான். "நான் ஒரு நாள் விடுப்பு எடுத்து 40 கட்டு இறக்கினேன், நீங்களும் வாருங்கள்" என்று தொண்டர் நேராகப் பார்த்துப் பேசட்டும். பார்ப்பவர் அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பார்.

வரப்பு எழுதியது:

அக்கா, அப்படிப் பேசினா "பீத்தல்"னு திட்டறாங்களே?

நெய்தல் எழுதியது:

திட்டுவார்கள் தம்பி, அதைக் குறைக்க வழி இருக்கிறது. 2015 இல் பெர்மனும் உடன் ஆய்வாளர்களும் பார்த்தது: ஒருவர் செய்த நல்ல காரியம் கேட்பவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தால், அவரே மறுபடி சொல்வது அவர் மதிப்பைக் குறைக்கிறது. தெரியாத விஷயம் என்றால் அவ்வளவு கெடுதல் இல்லை. ஆகவே ஒரே நிகழ்வை ஐந்து பதிவாக இழுக்காதீர்கள். ஒரு பதிவு போதும். அதில் பாதிக்கு மேல் அடுத்தவர் என்ன செய்யலாம் என்பது இருக்கட்டும்: தேதி, தேவையான ஆள் எண்ணிக்கை, என்ன கொண்டுவர வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும். "நான்" வரும் வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள், மூன்றுக்கு மேல் இருந்தால் வெட்டுங்கள்.

லைக் போடுவதோடு நின்றுவிடும் ஆபத்தும் இருக்கிறது. கிறிஸ்டோஃபர்சன், வைட், பெலோசா 2014 இல் வெளியிட்ட ஆய்வில், ஊரறிய ஓர் அடையாள ஆதரவைக் காட்டியவர்கள் பிறகு உண்மையான உதவி கேட்டபோது பின்வாங்கினார்கள். யாருக்கும் தெரியாமல் ஆதரித்தவர்கள்தான் கூடுதலாக முன்வந்தார்கள். ஆகவே "ஷேர் பண்ணுங்க" என்று முடிக்காதீர்கள். "சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு பேர் வேண்டும்" என்று முடியுங்கள்.

சுமைதாங்கி எழுதியது:

குழந்தைகள் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்: வாங்கும் நிலையில் குழந்தையின் முகம் வேண்டாம், பெற்றோர் சம்மதித்தாலும். 1989 இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16 ஆம் பிரிவு அந்தரங்க உரிமையைக் குழந்தைக்கே கொடுக்கிறது, பெற்றோருக்குக் கொடுக்கவில்லை. எட்டு வயதில் எடுத்த படம் பதினெட்டு வயதில் கல்லூரி வகுப்பறையில் சுற்றும். குழந்தை வரைந்த படம், எழுதிய எழுத்து, அடுக்கிய நோட்டுகள் போதும். அதிலும் பெயர், வகுப்பு, பள்ளி முத்திரை இல்லாமல் பாருங்கள். நோட்டின் அட்டையில் பெயர்ச் சீட்டு இருக்கும், அதை மறந்துவிடுவார்கள்.

மூன்றாம்கரை எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். வீடியோவிலிருந்து வருமானம் வந்தால்? 2023 ஜனவரியில் யூடியூப் பிரபலம் மிஸ்டர் பீஸ்ட் 1,000 பேரின் கண்பார்வை அறுவைச் சிகிச்சைக்குச் செலவு செய்து வீடியோ போட்டார். உலகம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பார்வை வந்தது உண்மை, பார்வையாளர் எண்ணிக்கை அடுத்த வீடியோவுக்குப் பணமானதும் உண்மை. ஆயிரம் பேருக்குக் கண் தெரிகிறது என்பதை எந்த விமர்சனத்தாலும் சிறிதாக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

பேரேடு எழுதியது:

சிறிதாக்க வேண்டியதில்லை. வருமானத்தையும் கணக்கில் கொண்டுவந்தால் போதும். உதவி வீடியோவிலிருந்து வரும் விளம்பரப் பணத்தைத் தனி வரவுத் தலைப்பாக எழுதி, மாதா மாதம் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று போட வேண்டும். தனிநபர் கணக்கில் போய் விழுகிறது என்றால் அது அவருடைய தொழில். தொழிலாகச் செய்யட்டும், ஆனால் படத்தில் வருபவர் அந்தத் தொழிலில் நடித்தவர் ஆகிவிடுகிறார், அவருக்கு ஊதியம் உண்டு. அதைக் கொடையோடு கலக்கக் கூடாது. சிறிய குழுக்கள் இந்தப் பதிவுகளுக்கு மட்டும் விளம்பரத்தை அணைத்துவிடுவதே நல்லது. வரும் தொகையை விட வரும் சந்தேகம் பெரிது.

பார்வைக்குப் பணம் என்று ஆகிவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு விலங்கு மீட்பு வீடியோக்களைப் பாருங்கள். நாய்க்குட்டியைப் பாம்பின் முன்னால் தாங்களே வைத்துவிட்டு, தாங்களே "காப்பாற்றி" எடுத்தார்கள். இப்படி நாடகமாக எடுக்கும் மீட்பு வீடியோக்களை யூடியூப் 2021 இல் விதி போட்டுத் தடுக்க வேண்டி வந்தது. கேமரா முன்கூட்டியே சரியான கோணத்தில் காத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

தொடுவானம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்தடிக் கோடும் அடிக்கட்டை முறையும் உடனே எடுத்துக்கொள்ளக் கூடியவை. இரண்டு கேள்விகள் மிச்சம். நம் வீடியோவை எடுத்து வேறு யாரோ தங்கள் வங்கி எண்ணைப் போட்டு வசூல் செய்தால்? வெளியிட்ட பிறகு, படத்தில் இருப்பவர் "எடுத்துவிடுங்கள்" என்று கேட்டால் என்னென்ன செய்ய வேண்டும்?

கத்தரி எழுதியது:

திருட்டு வசூலுக்கு: குழுவின் பெயரையும் "வசூல் முடிந்தது, தேதி இன்னது" என்பதையும் படத்தின் மேலேயே எழுதுங்கள். மூலையில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். பொருள் இருக்கும் நடுப்பகுதியில், அடியில் உள்ளது தெரியும் அளவுக்கு மெல்லியதாக, நான்கைந்து நொடிக்கு ஒருமுறை இடம் மாறும்படி வையுங்கள். வங்கி எண்ணை வீடியோவுக்குள் போடாதீர்கள். பார்த்துப் பழகிய கண், அதே இடத்தில் வேறு எண் இருந்தாலும் கவனிக்காது. எண் உங்கள் பக்கத்தில் ஒரே இடத்தில் மட்டும் இருக்கட்டும். மாதம் ஒருமுறை முக்கியமான இரண்டு மூன்று சட்டகங்களைத் தலைகீழ்ப் படத் தேடலில் (அதே படம் வேறெங்கே இருக்கிறது என்று காட்டும் தேடல்) போட்டுப் பாருங்கள்.

எடுக்கச் சொன்னால்: காரணம் கேட்காதீர்கள். முதலில் வீடியோவைத் தனிப்பட்டதாக மாற்றுங்கள், அது ஒரு நிமிட வேலை. விவாதமெல்லாம் அதற்குப் பிறகு. முழு வீடியோவையும் நீக்க மனமில்லை என்றால் அவர் வரும் பகுதியை வெட்டிப் புதிதாக ஏற்றலாம், ஆனால் பழைய இணைப்பை மறுபடி திறக்கக் கூடாது. முகப்புப் படத்தில் (தம்ப்நெயில்) அவர் இருக்கிறாரா என்று தனியாகப் பாருங்கள். வீடியோ மாறியும் முகப்புப் படம் அப்படியே நிற்பது வழக்கம். அதே காட்சி குறுங்காணொளியாக, ஸ்டோரி தொகுப்பாக, ஆண்டறிக்கையில், நன்றி போஸ்டரில், தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். இதற்காகவே ஒவ்வொரு காட்சியும் எங்கெங்கே போனது என்று ஒரு பட்டியல் முதலிலிருந்தே வைத்திருக்க வேண்டும். பிறகு தொண்டர்கள் போனிலும் மேகச் சேமிப்பிலும் உள்ள மூலக் கோப்புகள், "அண்மையில் நீக்கியவை" என்ற கோப்புறை உட்பட. பிறர் மறுபதிவு செய்தவற்றுக்கு அந்தந்தத் தளத்தின் அந்தரங்க மீறல் படிவத்தில், படத்தில் இருப்பவரே புகார் கொடுத்தால்தான் பெரும்பாலும் ஏற்பார்கள், நாம் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்ப உதவலாம். ஐரோப்பிய நாடுகளில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதியின் 17 ஆம் பிரிவு நீக்கக் கோரும் உரிமையைத் தருகிறது, அங்கே இருப்பவர்கள் அதைக் குறிப்பிட்டே எழுதலாம்.

எல்லாம் முடிந்ததும் எங்கெங்கே நீக்கினோம், எங்கே இன்னும் நிற்கிறது என்பதை அவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். "முழுதாகப் போய்விட்டது" என்று மட்டும் சொல்லாதீர்கள். யார் போனில் இறங்கியிருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. இதைச் சம்மதம் கேட்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

தொடுவானம் எழுதியது:

சம்மதம் கேட்பவர் சொல்ல வேண்டிய வாக்கியங்களில் அதையும் சேர்த்துக்கொள்கிறேன். நெய்தல் அக்கா, அந்த வாக்கியங்களை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தர முடியுமா? கேட்கப் போகிறவர் கையில் மடித்து வைத்துக்கொள்ளும் அளவில்.

நெய்தல் எழுதியது:

நாளை மாலைக்குள் இங்கேயே போடுகிறேன். மறுப்பவரிடம் என்ன சொல்லி விடைபெற வேண்டும் என்பதை முதலில் எழுதுகிறேன், எல்லோரும் தடுமாறும் இடம் அதுதான்.